அந்தியில் ராஜாத்தி பார்த்தது

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. மனிதர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எப்படி முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறார்கள், அந்த முடிவுகளைத் தளர்த்த வழி உண்டா என்று ஒரு சிற்றிதழில் கட்டுரை கேட்டிருந்தார்கள். ஒத்துக்கொண்டேன். ‘முன்முடிவு என்பது’ என்று தொடங்கினேன். முன்முடிவு என்பது என்ன என்று எனக்கே தெரியவில்லை. உதாரணம் ஒன்று கொடுத்தால் பேனா நகரும் என்று நினைத்து, ‘உதாரணமாக, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ராஜாத்தி என்று ஒரு பெண் இருந்தாள்’ என்று எழுதினேன்.

அதோடு கட்டுரை கெட்டது. அந்தப் பெண் உதாரணமாக நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். கொல்லைப்பக்கம் போனாள். எதையோ பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ராஜாத்தியும் அவள் ஊரும் என் கற்பனை. காலம் கற்பனையல்ல. சென்னையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்கு உழுகிறவர் தன் பெயரைப் பதிவுசெய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. கூலி உயர்வு கேட்டு வயல்களில் செங்கொடி நட்டிருந்தார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் வசித்த குடியானத் தெருவில் பேச்சு ஒரே பயமாக இருந்தது. நிலத்தில் உழைத்தவர்களின் தெற்குத் தெருவிலும் பயம் இருந்தது. அதைப் பற்றிக் குடியானத் தெருவுக்குத் தெரியாது.

2

[முதல் தொடக்கம்] அந்தி மயங்கும் வேளையில் தங்கையன் அரிவாளைத் தொடையோடு ஒட்டிப் பிடித்தபடி வாய்க்கால் கரையில் வேகவேகமாக

இதை அடித்துவிட்டேன். கதை சொல்கிறவன் ‘அரிவாள்’ என்று சொல்லிவிட்டால் அது அரிவாளேதான். நீங்களும் அதன் பளபளப்பைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் நான் எவ்வளவு மன்றாடினாலும் அதை உங்கள் கண்ணிலிருந்து எடுக்க முடியாது.

[இரண்டாம் தொடக்கம்] தங்கையனைப் போல ஒரு நல்ல மனிதனை அந்த வட்டாரத்திலேயே

இதையும் அடித்தேன். நல்லவனாக இருந்தால்தான் அவனைச் சரியாகப் பார்க்க வேண்டுமா என்ன? தங்கையன் எல்லாரையும் போல ஒருவர். கோபக்காரர், கொஞ்சம் கஞ்சர், செங்கொடிச் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர். சாரங்கபாணியின் ஆற்றோர நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்தார். தன் பெயரைப் பதியச் சொல்லித் தாலுகா ஆபீஸில் மனுவும் கொடுத்திருந்தார்.

சாரங்கபாணியின் மனைவிதான் ராஜாத்தி. இனி அவள் பக்கத்தில் நின்றே சொல்கிறேன்.

3

புரட்டாசி. குறுவை அறுப்பு முடிந்து, சாரங்கபாணியின் களத்தில் வைக்கோல் போர் வீட்டு உயரத்துக்கு நின்றது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொல்லைக்குப் போனவள் வாய்க்கால் கரையில் ஒரு ஆள் குனிந்த தலையோடு விரைந்து போவதைப் பார்த்தாள். நடையை வைத்தே தங்கையன் என்று தெரிந்தது. கையில் எதையோ உடம்போடு மறைத்துப் பிடித்திருந்தார். அவள் திரும்பி வந்து விளக்கேற்றுவதற்குள் களத்தில் தீ எழுந்துவிட்டது.

போர் முழுக்கச் சாம்பல். அணைக்க ஓடிய களத்துக் காவல்காரன் வீரையனுக்கு நெற்றியில் ஆழமான வெட்டு. “பொகையில ஒண்ணுமே தெரியலீங்க. யாரோ அடிச்சாங்களா, மோதிக்கிட்டேனான்னுகூடத் தெரியல” என்றான்.

போலீஸ்காரர் ராஜாத்தியிடம் கேட்டார். “யாரையாச்சும் பாத்தீங்களாம்மா?”

“தங்கையன் போனான். கரையோட.”

“கையில என்ன?”

“என்னமோ… வளைஞ்சு இருந்துச்சு.”

“அரிவாளா?”

ராஜாத்தி ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்தில், அதுவரை வெறும் வளைவாக இருந்தது அரிவாளாக மாறிற்று.

“ஆமா. அரிவாள்தான்.”

அவள் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் கதை இதன்மேல்தான் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அரிவாள் தெளிந்துகொண்டே வந்தது. அறுப்பு அரிவாள் அல்ல, வெட்டரிவாள் என்றாயிற்று. அந்தி வெளிச்சம் அதில் பட்டு மின்னியது என்றாயிற்று. கடைசியில் கண்ணை மூடினால் அதன் மரப்பிடிகூடத் தெரிந்தது.

தங்கையனைக் கொண்டுபோனார்கள். ஜாமீனில் எடுக்கச் சொத்துள்ள ஆள் கையெழுத்துப் போட வேண்டும். தெற்குத் தெருவில் அப்படி யாரும் இல்லை. ஆற்றோர நிலத்தைச் சாரங்கபாணி அந்தச் சம்பாவுக்கு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

4

கோர்ட்டு இருந்த ஊருக்கு ஒரே பஸ்தான். விசாரணை நாளில் சாட்சியான ராஜாத்தி கணவனோடு அதில் போவாள். தங்கையனின் மனைவி செவ்வந்தியும் அதே பஸ்ஸில் வருவாள், வயிற்றில் பிள்ளையோடு. போனால் வாய்தா. அடுத்த தடவை போனாலும் வாய்தா. நீதிபதி லீவு, வக்கீலுக்குக் காய்ச்சல், கேஸ் கட்டு வரவில்லை.

சாரங்கபாணி டீக்கடையில் வக்கீல் குமாஸ்தாவோடு பேசிக்கொண்டிருப்பார். இரண்டு பெண்களும் கோர்ட்டு வராந்தாவின் இரண்டு மூலையில் நிற்பார்கள். ஒரு நாள் கோர்ட்டுச் சேவகரான டவாலி வந்து விரட்டினார்.

“வழிய மறிச்சிக்கிட்டு நிக்காதீங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே கேஸா?”

ராஜாத்தி வாயைத் திறப்பதற்குள் செவ்வந்தி சொன்னாள்: “ஒரே கேஸுதாங்க. இவங்க பாத்தவங்க, நான் அனுபவிக்கிறவ.”

டவாலிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. “ரெண்டு பேரும் அந்த மரத்தடிக்குப் போங்க” என்றார். பிறந்ததிலிருந்து ராஜாத்தியை யாரும் தெற்குத் தெருப் பெண்ணோடு சேர்த்து விரட்டியதில்லை. போனாள். வேறு நிழலும் இல்லை.

மரத்தடியில் செவ்வந்தி குமட்டிக் குமட்டி வாந்தியெடுத்தாள். ராஜாத்தி கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு கட்டுச்சோற்றிலிருந்து நாரத்தங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

[இங்கே ‘அவள் கையில் வைத்தாள்’ என்று எழுதி அடித்தேன். வைக்கவில்லை. விரல் படாமல் மேலிருந்து போட்டாள். நான் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அன்றைக்கு அவளால் அவ்வளவுதான் முடிந்தது.]

“எத்தன மாசம்?”

“ஆறு முடியப்போவுதும்மா.”

“தூக்கம் வருதா?”

“எங்க வருது.”

ராஜாத்திக்கும் உண்டாகி உண்டாகித் தங்காமல் போயிருந்தது. குடியானத் தெருவில் அதைப் பற்றி அவளிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை, முதுகுக்குப் பின்னால்தான் பேசுவார்கள். அடுத்த வாய்தாவில் செவ்வந்தி நேராகக் கேட்டாள். “ஒங்களுக்கு எந்த மாசத்துல போச்சு?” ராஜாத்தி சொன்னாள். சொன்ன பிறகு வெகுநேரம் மூச்சு லேசாக இருந்தது.

இப்படித்தான், வாய்தாவுக்கு வாய்தா, பேச்சு வளர்ந்தது. கால் வீக்கத்துக்கு என்ன செய்வது, மண்ணெண்ணெய் எப்போது போடுவார்கள் என்பதிலிருந்து தங்கையனுக்கு வந்தது.

“அவருக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வந்துரும். கோழிகூட நான்தான் அறுக்கணும். சிரிக்காதீங்க, எங்க தெருவுல யாருக்கும் தெரியாது.”

ராஜாத்தி சிரித்தாள். பிறகு பஸ்ஸில் வரும்போது, இது வக்கீல் சொல்லிக்கொடுத்த பேச்சாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு சமாதானம் கிடைத்துவிட்டது: செவ்வந்தி நல்லவள்தான். அந்தத் தெருவில் இவள் ஒருத்தி வேறு மாதிரி.*

* கட்டுரையில் எழுத வைத்திருந்த இடம் இது. ஆளோடு ஆள் பழகினால் முன்முடிவு உடையும் என்பார்கள். பாதிதான் உண்மை. நன்றாகப் பழகிய ஒருவரை மட்டும் தனியே எடுத்து ‘இவர் விதிவிலக்கு’ என்று ஓரமாக உட்காரவைத்துவிட்டு, பழைய விதியை அப்படியே வைத்துக்கொள்ள மனசுக்குத் தெரியும். ராஜாத்தியைத் திட்டாதீர்கள். அவள் தனியாள் இல்லை.

5

கார்த்திகை. மழை பிடித்துக்கொண்டது. ராஜாத்தி கோர்ட்டு வராந்தாவில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் வெளிச்சத்தில் ஒரு உருவம் குனிந்த தலையோடு வேகமாக உள்ளே வந்தது. கையில் வளைந்த ஒன்று, தொடையோடு ஒட்டி.

அரிவாள்.

தூணைப் பிடித்துக்கொண்டாள். உருவம் படியேறி வந்து தலையைத் துவட்டியது. செவ்வந்தி. கையில் இருந்தது வளைந்த பிடி வைத்த, மடக்கிய கறுப்புக் குடை. நுனி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“கொடைய வச்சுக்கிட்டு ஏன் நனஞ்சுக்கிட்டு வர்ற?”

“வெளியில ஒங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு. மடக்கிட்டேன்.”

ராஜாத்திக்கு அது விளங்கியது. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு விளங்கியது. தெற்குத் தெரு ஆட்கள் குடியானத் தெருவுக்குள்ளோ, அந்தத் தெருக்காரர்கள் எதிரிலோ குடை பிடித்து நடப்பதில்லை. அது கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நடந்ததில்லை, அவ்வளவுதான்.

“இது ஏது?”

“அவரு வாங்குனது. மழைக்காலத்துல மாசமா இருக்கியேன்னு, மன்னார்குடி போயி வாங்கிட்டு வந்தாரு. அன்னிக்குத்தான்.”

“என்னிக்கு?”

செவ்வந்தி அவளை நேராகப் பார்த்தாள். “போரு எரிஞ்ச அன்னிக்கு. புதுக் கொடையோட ஒங்க தெரு வழியா வந்தா வம்புன்னு, கொல்லப்பக்கமா, கரையோட, மறச்சு எடுத்துட்டு வந்தாரு. ஸ்டேசன்ல சொன்னாராம். ஒனக்கு ஏதுடா கொடைன்னு சிரிச்சாங்களாம்.”

மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். வாய்தா.

6

இந்த இடத்தில் ராஜாத்திக்கு எல்லாம் புரிந்து மனம் மாறிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. கண்ணை மூடினால் இன்னும் அரிவாள்தான் தெரிந்தது, மரப்பிடியோடு, பளபளப்போடு. குடையை அங்கே வைத்துப் பார்க்க முயன்றாள். நிற்கவில்லை. செவ்வந்தி சொன்னதை நம்புவதா, தன் கண்ணை நம்புவதா?

கட்டுரையாக இருந்திருந்தால் நான் ஏதாவது அறிவுரை சொல்லியிருப்பேன். அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். வீரையனைக் கூப்பிட்டாள். நெற்றிக் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது.

“சாயங்காலம் பொழுது சாயறப்ப வாய்க்கா கரையோட நடந்து போவணும். வீட்டுக் கொடையும் அரிவாளும் கொட்டாயில இருக்கு. ஏதாச்சும் ஒண்ண எடுத்துத் தொடையோட ஒட்டிப் புடிச்சிக்க. எதுன்னு எனக்குச் சொல்லாத.”

“எதுக்குங்கம்மா?”

“சொன்னதச் செய் வீரையா.”

வீரையன் நடந்தான். ராஜாத்தி அதே இடத்தில் நின்று பார்த்தாள். “அரிவாள்” என்று கத்தினாள். அவன் குடையைத் தூக்கிக் காட்டினான். மறுபடி நடக்கச் சொன்னாள். “கொடை.” அரிவாளைத் தூக்கினான். அடுத்த தடவை சரியாகச் சொன்னாள். அதற்கடுத்து மறுபடி தப்பு. வீரையனுக்கு இது ஒரு விளையாட்டாகத் தோன்றிச் சிரிக்க ஆரம்பித்தான். ராஜாத்திக்கு அழுகை வந்தது.

அந்த வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில், யாராலும் எதையும் சொல்லியிருக்க முடியாது. அன்றைக்கு அவள் கண் பார்த்தது ஒரு வளைவை மட்டும். அது யார் கையில் இருந்தது என்பதை வைத்து மிச்சத்தை அவளே வரைந்துகொண்டாள்.

7

சாரங்கபாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“அன்னிக்கு நான் பாத்தது அரிவாளான்னு எனக்குத் தெரியலீங்க.”

அவர் கை நின்றது. “நான் ஒன்னப் பொய் சொல்லச் சொன்னேனா?”

“இல்லீங்க. நானாத்தான் சொன்னேன். அப்ப அது பொய்யும் இல்ல.”

“அப்ப இப்ப மட்டும் என்ன?”

“இப்ப சொன்னா பொய்யாயிடும்.”

சாரங்கபாணி கெட்டவர் இல்லை. வைக்கோல் இல்லாமல் அந்த மழைக்காலம் முழுக்க மாடுகள் மெலிந்ததைப் பார்த்தவர். நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் இரவு தூங்காதவர். தங்கையன்தான் கொளுத்தினார் என்று அவர் உண்மையாகவே நம்பினார். போரைக் கொளுத்தியது யார் என்று எனக்கும் தெரியாது. கரையில் போன யாரோ எறிந்த பீடியாகக்கூட இருக்கலாம். அவர் எழுந்து கை கழுவினார்.

“கோர்ட்டுல ஒனக்கு என்ன தோணுதோ சொல்லிக்க. அப்பறம் இந்த வீட்டுல எங்கிட்டப் பேசாத.”

தையில் செவ்வந்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. பங்குனியில் ஒருவழியாக விசாரணை நடந்தது. ராஜாத்தி கூண்டில் ஏறினாள். அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்.

“கையில் அரிவாளைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்களே?”

“குடுத்தேங்க. ஆளு போனதப் பாத்தேன். கையில என்னமோ வளஞ்சு இருந்துச்சு. அது அரிவாளான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். கொடையான்னு கேட்டிருந்தா…” நிறுத்தினாள். “கொடையான்னு கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். அவங்க கையில கொடை இருக்கும்னு எனக்குத் தோணியிருக்காது.”

அரசுத் தரப்பு வக்கீல் இவர் பிறழ்சாட்சி என்று அறிவித்தார். சாரங்கபாணி வெளியே போய்விட்டார். வேறு சாட்சியம் இல்லாததால் தங்கையன் விடுதலையானார்.

8

மரத்தடியில் செவ்வந்தி குழந்தையோடு நின்றாள். கொஞ்சம் தள்ளித் தங்கையன், ஆள் பாதியாகியிருந்தார். ராஜாத்தி தயங்கித் தயங்கி அருகே போனாள். தான் என்ன எதிர்பார்த்துப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

“இப்ப என்ன செய்யணுங்கிறீங்க? கால்ல விழணுமா?” என்றாள் செவ்வந்தி. குரல் உயரவில்லை. “நீங்க பாத்தேன்னு சொன்னதுல சம்பா முழுசும் அவரு உள்ள கெடந்தாரு. பெத்த புள்ளய இப்பத்தான் மொத மொதப் பாக்குறாரு. குத்தக நெலத்துல வேற ஆளு நிக்கிறான்.”

“நான் அதுக்கு வரல செவ்வந்தி.”

“பின்ன?”

செவ்வந்தி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“கோர்ட்டு விட்டுருச்சு. ஊரு விடாது. நாளைக்கு வேலைக்குப் போனா அரிவாளுக்காரன்னுதான் பாப்பாங்க. இங்க சொன்னீங்களே, அத அங்க சொல்லுங்க. எங்க தெருவுக்கு வந்து சொல்ல வேணாம், எங்களுக்குத் தெரியும். ஒங்க தெருவுல சொல்லுங்க.”

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தங்கையன் கையில் கொடுத்தாள். அவர் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திணறினார்.

9

[முதல் முடிவு] செவ்வந்தியும் ராஜாத்தியும் உயிர்த்தோழிகள் ஆனார்கள். குழந்தைக்கு

வேண்டாம். இது ராஜாத்திக்கு நான் கொடுக்க விரும்பும் பரிசு. செவ்வந்தியைக் கேட்காமல் கொடுக்க முடியாது.

[இரண்டாம் முடிவு] சாரங்கபாணி தங்கையனைக் கூப்பிட்டு, நிலத்தை

இதுவும் நடக்கவில்லை. மனு தாலுகா ஆபீஸில் கிடந்தது. அந்தக் கோடையில் தங்கையன் குடவாசல் பக்கம் கூலி வேலைக்குப் போய்வந்தார். சாரங்கபாணி சொன்னபடியே மனைவியோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் சாப்பிட்டார்.

நடந்தது இவ்வளவு. சித்திரை வெயிலில் குடியானத் தெரு நெடுக அவித்த நெல்லைப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் காலால் துழாவிவிட்டபடி பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக் கமலாம்பாள், தெருவில் எல்லாருக்கும் அத்தை, காக்கை விரட்டும் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள்.

“அரிவாளுக்காரன் வந்துட்டானாமே. கொல்லக் கதவத் தாப்பாப் போட்டு வைங்கடி.”

ராஜாத்தி துழாவிக்கொண்டே இரண்டு எட்டுப் போனாள். பேசாமல் இருந்துவிடலாம். வீட்டுக்குள் ஒரு மனிதர் பேசுவதில்லை. தெருவும் பேசாமல் போனால் எங்கே போவது? நின்றாள்.

“அது அரிவாள் இல்ல அத்தை.”

“வக்கீலு ஒன்னக் கொழப்பிவிட்டுட்டான்னு கேள்விப்பட்டேன்.”

“யாரும் கொழப்பல. நான்தான் தப்பாப் பாத்தேன். அது கொடை. நம்ம தெரு வழியா எடுத்துட்டு வர முடியாம கொல்லப்பக்கமாப் போயிருக்காரு.”

போயிருக்காரு. அந்தத் தெருவில் தங்கையனுக்கு அப்படி ஒரு விகுதி அதுவரை கிடைத்ததில்லை. துழாவிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. கமலாம்பாளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. கோபம் இல்லை, கிண்டல் இல்லை. வெள்ளந்தியாகக் கேட்டாள்:

“அவனுக்கு எதுக்குடி கொடை?”

“மழைக்கு அத்தை” என்றாள் ராஜாத்தி.

இதற்குக் கமலாம்பாள் சொன்ன பதிலை எழுதி எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிரித்துவிடுகிறாள். ஒன்றில் ராஜாத்தியைத் தெருவே கேட்க ஏசுகிறாள். ஒன்றில் எதுவும் சொல்லாமல் வெகுநேரம் நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாமே அவள் குரலில்தான் இருக்கின்றன, எதுவும் அவள் சொன்னதாக இல்லை. அந்த ஒரு வரியை உங்களுக்கு விடுகிறேன். உங்கள் தெருவிலும் ஒரு கமலாம்பாள் இருப்பார். அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் போய்ச் சொன்னால்தான் உங்களுக்கும் தெரியும்.